ஸ்னோபோர்டு கத்துக்க எந்த ஊர்? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு கேளுங்க



நவம்பர் மாதம் வந்தால் எனக்கு இரண்டு வகை மெசேஜ் வரும். ஒண்ணு, "சார், இன்னும் ரீஃபண்ட் வரலை". இன்னொண்ணு இப்போ கொஞ்ச வருஷமா அதிகமாகி இருக்கு: "பனி மலைக்குப் போய் ஸ்னோபோர்டு கத்துக்கலாம்னு இருக்கேன் சார், எந்த இடம் சரியா வரும், எவ்வளவு ஒதுக்கணும்?" கேட்கிறவங்க காலேஜ் பசங்க இல்லை. 35, 40 வயசு. ஹோம் லோன் பாதி முடிஞ்சிருக்கும், பிள்ளைங்க கொஞ்சம் வளர்ந்திருப்பாங்க, தனக்குன்னு ஏதாவது ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம்னு தோணுற வயசு. நியாயமான ஆசைதான். செலவு பண்ணாதீங்கன்னு சொல்ல நான் வரலை.

ஆனால் இந்தச் செலவில் பலரும் எதை வாங்குகிறோம் என்பதைப் பார்க்காமலே பணம் கட்டுகிறார்கள். ரீல்ஸில் ஒருத்தர் 4,000 மீட்டர் உயரத்தில் இருந்து பவுடர் பனியில் சீறிக்கிட்டு இறங்குவார். அதைப் பார்த்துட்டு அந்த மலை இருக்கிற ஊருக்கு டிக்கெட் போடுறோம். முதல் அஞ்சு நாள் நாம அந்த மலையில் இருக்கவே மாட்டோம். கீழே, ஒரு 100, 150 மீட்டர் நீளச் சரிவில்தான் விழுந்து எழுந்துகிட்டு இருப்போம்.

கார் ஓட்டக் கத்துக்கறவருக்கு முதல் வாரம் ஒரு காலி கிரவுண்டு போதும். எட்டு வழிச் சாலை பக்கத்துல இருக்குன்னு டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டு மடங்கு ஃபீஸ் கட்டுவீங்களா? அதே கதைதான் இது.

முதல் அஞ்சு நாளில் என்ன நடக்கும்?

இது தெரிஞ்சால்தான் இடம் தேர்வு பண்ண முடியும். ஸ்கீயிங்கில் இரண்டு காலுக்கும் தனித்தனி பலகை, கையில் இரண்டு கம்பு. ஸ்னோபோர்டில் ஒரே பலகை, இரண்டு காலும் அதில் பூட்டப்பட்டிருக்கும், கையில் எதுவும் கிடையாது. பக்கவாட்டில் நின்றுகொண்டு இறங்க வேண்டும்.

முதல் நாள் ஒரு காலை மட்டும் பூட்டிக்கொண்டு, இன்னொரு காலால் தள்ளித் தள்ளி நகரப் பழகுவீங்க. பிறகு குதிகால் பக்க விளிம்பை பனியில் ஊன்றி, பிரேக் போட்ட மாதிரி மெதுவாக நேரே கீழே வழுக்குவது. அடுத்து முன்னங்கால் பக்க விளிம்பு. அதுக்குப் பிறகுதான் ஒரு விளிம்பில் இருந்து இன்னொரு விளிம்புக்கு மாறித் திரும்புவது. பெரும்பாலான பெரியவர்களுக்கு இந்தத் திருப்பம் கைகூட மூணு நாளில் இருந்து அஞ்சு நாள் ஆகும். முதல் இரண்டு நாள் உடம்பு முழுக்க வலிக்கும், "எதுக்கு வந்தோம்"னு தோணும். மூணாவது நாள் திடீர்னு ஒரு திருப்பம் வரும். இரண்டு நாள் பேக்கேஜில் போறவங்க அந்தத் திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே ஃபிளைட் ஏறிடுறாங்க. பாவம், வலிக்கு மட்டும் பணம் கட்டின மாதிரி.

அதனால் நான் கிளையண்டுகளுக்குச் சொல்றது ஒரே ஒரு அளவுகோல். மொத்தச் செலவை, நீங்கள் பயிற்சியாளரோடு சரிவில் இருக்கப்போகிற மணி நேரத்தால் வகுங்க. ஹோட்டல் எத்தனை ஸ்டார், மலை எவ்வளவு உயரம், இதெல்லாம் அப்புறம்.

ஒரு உதாரணம். எண்கள் கணக்குக்காக நான் வெச்சது, உங்க சீசன் விலையைப் போட்டுக்கோங்க. முதல் பேக்கேஜ், ஆறு நாள் காஷ்மீர் டூர், ஃபிளைட்டோடு ரூ.48,000. தால் ஏரி, பஹல்காம், சோன்மார்க் எல்லாம் உண்டு. குல்மார்க்கில் ஒரு ராத்திரி, "ஸ்னோபோர்டு அனுபவம்" இரண்டு மணி நேரம். இரண்டாவது திட்டம், ஏழு ராத்திரியும் குல்மார்க்கிலேயே, அஞ்சு நாள், நாளுக்கு நாலு மணி நேரப் பயிற்சி, மொத்தம் ரூ.96,000. பார்த்தவுடனே முதலாவது பாதி விலை. ஆனால் கத்துக்கறதுதான் நோக்கம்னா முதலாவதில் ஒரு மணி நேரம் ரூ.24,000. இரண்டாவதில் ரூ.4,800. காஷ்மீர் பார்க்கணும்னா முதலாவது நல்ல பேக்கேஜ், தாராளமா போங்க. ஸ்னோபோர்டு கத்துக்கப் போறேன்னு மட்டும் சொல்லிக்காதீங்க.

இதில் இன்னொரு படியும் இருக்கு. பேப்பரில் 20 மணி நேரம் என்றால் கையில் 20 கிடைக்காது. ஒரு நாள் காற்று, பனிப்புயல்னு போச்சுன்னா 16. அப்போ அதே ரூ.96,000-க்கு மணி நேரம் ரூ.6,000. லிஃப்ட் க்யூவில் நிற்பது, போர்டைத் தூக்கிக்கொண்டு மேலே நடப்பது, வாடகைக் கடையில் சரியான சைஸ் பூட்ஸ் கிடைக்காமல் அலைவது, இதெல்லாம் அந்த 16-லிருந்துதான் கழியும். நல்ல இடம் என்பது இந்தக் கழிவு குறைவாக இருக்கிற இடம்.

சரிவைப் பற்றிக் கேட்க வேண்டியது

ரிசார்ட் வெப்சைட்டில் "மொத்தம் இத்தனை கிலோமீட்டர் பாதை"ன்னு பெருசா போட்டிருப்பாங்க. உங்களுக்கு அது தேவையில்லாத எண். நீங்க கேட்க வேண்டியது, ஆரம்பச் சரிவில் மேலே ஏற என்ன வசதி என்று.

ஏர்போர்ட்டில் லக்கேஜ் வர்ற பெல்ட் மாதிரி, நின்றபடியே மேலே கொண்டுபோகும் பெல்ட் ஒண்ணு உண்டு. மேஜிக் கார்பெட்னு சொல்வாங்க. புதுசா கத்துக்கறவருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. சில இடங்களில் பெல்ட்டுக்குப் பதில் கம்பியில் தொங்கும் குச்சியைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போகும் லிஃப்ட் இருக்கும். ஸ்கீயிங் பண்றவருக்கு அது ஓரளவு சுலபம், அவர் பார்வை நேரே இருக்கும். ஸ்னோபோர்டுக்காரர் பக்கவாட்டில், ஒரு கால் மட்டும் பூட்டிய நிலையில் அதில் போக வேண்டும். முதல் இரண்டு நாள் இறங்கும்போது விழுவதைவிட ஏறும்போதுதான் அதிகம் விழுவீங்க. அதனால "ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது"ன்னு ஸ்கீயிங்கை மனசுல வெச்சு எழுதின விமர்சனத்தைப் படிச்சுட்டு ஸ்னோபோர்டுக்கு இடம் முடிவு பண்ணாதீங்க.

இதே காரணத்தால் தட்டையான நீளப் பாதைகளும் தொல்லை. கம்பு இல்லாததால் வேகம் போச்சுன்னா அங்கேயே நின்னுடுவீங்க, காலைக் கழற்றி நடக்கணும். சரிவு ரொம்பத் தட்டையாகவும் இருக்கக் கூடாது, செங்குத்தாகவும் கூடாது. அகலமாக, முடிவில் தானாகவே வேகம் குறையும்படி கொஞ்சம் சமதளம் இருக்க வேண்டும். தினமும் ராத்திரி மெஷின் விட்டுச் சமப்படுத்தப்பட்ட பனியாக இருக்க வேண்டும். மேலிருந்து வேகமாக இறங்கி வர்றவங்க குறுக்கே வரக் கூடாது. ஆரம்பப் பகுதிக்கு மட்டும் தனியாக, குறைந்த விலையில் பாஸ் தருகிறார்களா என்றும் கேளுங்க. முழு மலை பாஸ் முதல் மூணு நாளைக்கு வீண்.

இன்னும் ஒண்ணு, கொஞ்சம் கூச்சப்பட்டாலும் கேட்டுடுங்க: பெரியவர்களுக்குத் தனி குரூப் உண்டா? ஏழு வயசுப் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டால் அவங்க ஒரு மணி நேரத்தில் பறந்துடுவாங்க, நாம மட்டும் உட்கார்ந்திருப்போம்.

குல்மார்க்

நம்ம ஊரில் முதலில் வர்ற பெயர். ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கி.மீ., 2,650 மீட்டர் உயரம். கொண்டோலா இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கோங்தூரி வரை, 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 4,000 மீட்டரை ஒட்டி. ரீல்ஸ் எல்லாம் இந்த இரண்டாம் கட்டத்தில் எடுத்தது. அங்கே இருப்பது பெரும்பாலும் இயற்கையான, சமப்படுத்தப்படாத பனி. பனிச்சரிவு ஆபத்து உண்டு. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இரண்டு பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் பனிச்சரிவில் இறந்திருக்காங்க. இவங்கெல்லாம் பனிச்சறுக்குக்காகவே அவ்வளவு தூரம் வந்தவங்க. முதல் வாரத்தில் இருக்கிற நமக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போட்டோ எடுக்க கொண்டோலாவில் போயிட்டு, அதிலேயே திரும்பி வாங்க.

நமக்கு வேண்டியது கீழே, கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி இருக்கிற சரிவுகள். உண்மையிலேயே நல்ல சரிவுகள்: அகலம், மென்மை. குறை என்னன்னா மேலே ஏறுவது. சில இடத்தில் இழுவை லிஃப்ட், மற்ற இடத்தில் நடைதான். 2,650 மீட்டர் உயரத்தில் போர்டைத் தூக்கிக்கிட்டு 40 வயசுக்காரர் பத்து தடவை ஏறினால் மதியத்துக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது. அதனால் இங்கே நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போடாதீங்க.

பயிற்சியாளர் விஷயத்தில் கறாராக இருங்க. டாக்ஸியை விட்டு இறங்கின உடனே பத்துப் பேர் சூழ்ந்துக்குவாங்க. சிலர் உங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே சரிவில் ஓடி, போனில் வீடியோ எடுத்துக் கொடுப்பாங்க. வீடியோ பிரமாதமா இருக்கும். நீங்க எதையும் கத்துக்கிட்டிருக்க மாட்டீங்க. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 'இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம்' குல்மார்க்கிலேயே 1968 முதல் இயங்குகிறது. தங்குமிடம், சாப்பாடு, உபகரணம் எல்லாம் சேர்ந்த பல நாள் கோர்ஸ் நடத்துகிறார்கள். மணி நேரக் கணக்கில் தனியார் பேக்கேஜ் இதன் பக்கத்தில் வருவது கஷ்டம். ஸ்னோபோர்டு பேட்ச் எந்தத் தேதியில் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு உறுதி பண்ணுங்க. ஸ்கீயிங் பேட்ச்தான் அங்கே வழக்கமானது. சொகுசு எதிர்பார்க்க வேண்டாம், அரசு ஹாஸ்டல் மாதிரிதான்.

பெரிய ரிஸ்க் பனியே வராமல் போவது. 2024 ஜனவரி கிட்டத்தட்ட முழுசும் குல்மார்க் வறண்டு கிடந்தது, மாசக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வெச்சாங்க. கிறிஸ்துமஸ் லீவுக்குப் போறது சரிவராது. ஜனவரி கடைசி, பிப்ரவரி பாதுகாப்பானது. அதுவும் கேன்சல் செய்தால் பணம் திரும்பி வர்ற ரூமாகப் பாருங்க, 10 சதவீதம் அதிகம் ஆனாலும் பரவாயில்லை. இடையில் ஒரு சின்ன விஷயம்: வெளி மாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இல்லாதவங்க கிளம்பும் முன்னாடியே மாத்திக்கோங்க.

மற்ற இடங்கள்

அவுலி உத்தராகண்டில் இருக்கு. கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஸ்கீயிங் கோர்ஸ் நடத்துது. சரிவு நல்லது, ஆனா ஸ்னோபோர்டுக்காரருக்கு அங்கே இரண்டாம் இடம்தான். ரிஷிகேஷில் இருந்து சுமார் 250 கி.மீ. மலைப் பாதை. ஜோஷிமத் நிலம் தாழ்ந்த பிரச்சினையால் 2023 ஜனவரியில் ரோப்வேயை நிறுத்தினாங்க. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள்னா லீவு கணக்கும் செலவுதான். சோலாங் பள்ளத்தாக்கு மணாலிக்கு வர்ற டூரிஸ்ட் கூட்டத்துக்கானது, கத்துக்கப் போறவங்க பெரிசா எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை துபாய். சிரிக்காதீங்க. 2005-ல் திறந்த ஸ்கி துபாய், ஒரு மாலுக்குள் இருக்கிற உண்மையான பனிச் சரிவு. நீளமான பாதை 400 மீட்டர், உள்ளே எப்பவும் மைனஸ் 1, 2 டிகிரி. ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் எல்லாம் கட்டணத்துக்குள்ளேயே வந்துடும். புயலும் கிடையாது, பனி இல்லைங்கிற பேச்சும் கிடையாது. முழுசா கத்துக்க இது போதாது. ஆனா நம்மில் பாதிப் பேருக்கு அங்கே அண்ணனோ மச்சானோ இருக்காங்க. வேற வேலையாப் போகும்போது இரண்டு நாள், இரண்டு ஆரம்ப லெசன் எடுத்துப் பாருங்க. உங்களுக்கு இது பிடிக்குதா, முழங்கால் ஒத்துழைக்குதான்னு அங்கேயே தெரிஞ்சுடும். லட்ச ரூபாய் போடுறதுக்கு முன்னாடி சில ஆயிரத்தில் ஒரு சோதனை. முதலீட்டில் சின்னத் தொகை போட்டுப் பார்க்கிறோமே, அது மாதிரி.

வெளிநாடு போறதா முடிவு பண்ணிட்டா, கஜகஸ்தானின் ஷிம்புலாக்கைக் கவனிங்க. அல்மாட்டி நகரத்தில் இருந்து சுமார் 25 கி.மீ. தான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம். நகரத்திலேயே சாதாரண ஹோட்டலில் தங்கி, சிட்டி பஸ்ஸில் மெதேவ் வரை போய், அங்கிருந்து கொண்டோலா பிடிக்கலாம். மலை ஹோட்டல் வாடகை மிச்சமாவதால் மணி நேரக் கணக்கு கணிசமாக இறங்கும். பயிற்சிச் சரிவு கீழேயே இருக்கு. மேலே போகப் போக செங்குத்து, அங்கே அவசரப்பட்டுப் போகாதீங்க. ஆங்கிலம் பேசும் பயிற்சியாளரை முன்கூட்டியே புக் பண்ணணும், இல்லேன்னா ரஷ்ய மொழியில்தான் பாடம்.

ஜார்ஜியாவின் குடவுரி அகலமான சரிவுகளுக்குப் பெயர் பெற்றது, திப்லிசியில் இருந்து சுமார் 120 கி.மீ. கீழே ஆரம்பக்காரர்களுக்கு நல்ல இடம். ஆனால் மரமே இல்லாத மொட்டை மலை. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளை, சரிவு எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அப்படி ஒரு நாள், இரண்டு நாள் போகும்னு கணக்கில் கழிச்சுக்கோங்க.

ஜப்பான் என்றால் எல்லாரும் நிசேகோ. அங்கே உலகமே தேடிப் போவது ஆழமான பவுடர் பனிக்காக. ஆரம்பக்காரர் அந்தப் பனியில் போர்டு புதைந்து நிற்பார். தெரியாத ஒன்றுக்கு பிரீமியம் கட்டுற வேலை. டோக்கியோவுக்கு எப்படியும் போறீங்கன்னா காலா யுசாவா பாருங்க: புல்லட் ரயில் ஸ்டேஷனே ரிசார்ட்டுக்குள் இருக்கு, ஒண்ணேகால் மணி நேரப் பயணம், துணிமணி முதல் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். சனி ஞாயிறு மட்டும் தவிர்த்துடுங்க.

லண்டனில் இருந்து நம்ம சேனல் பார்க்கிறவங்க நிறைய. உங்களுக்கு ஹெமல் ஹெம்ஸ்டெட்டில் உள்ளரங்கப் பனி இருக்கு, முதல் மூணு லெசனை அங்கேயே முடிச்சுடுங்க. பிறகு மலிவுன்னு பல்கேரியாவின் பான்ஸ்கோவைப் பார்ப்பீங்க. ஊர் கீழே இருக்கு, ஆரம்பச் சரிவு மேலே 1,600 மீட்டரில். நடுவில் கொண்டோலா, சீசனில் காலைல அதுக்கு நிற்கிற க்யூ பிரசித்தம். பேக்கேஜ் விலை குறைவு, மணி நேரமும் குறைவு. கொண்டோலாவை ஒட்டி ரூம் எடுத்து, கடை திறக்கும் முன்னாடி போய் நிற்க முடியும்னா மட்டும் லாபம்.

மணிக்கட்டு என்ன விலை?

என் கிளையண்ட் ஒருத்தர் ஈரோட்டில் பல் மருத்துவர், 41 வயசு, சொந்த கிளினிக். அவங்க நிசேகோவுக்கும் குல்மார்க்குக்கும் நடுவில் குழம்பிக்கிட்டு இருந்தாங்க. நான் கேட்டது வேற கேள்வி. "டாக்டர், வலது கை ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தா கிளினிக் என்ன ஆகும்?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மூட வேண்டியதுதான் சார்."

ஆரம்ப ஸ்னோபோர்டருக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டு. இரண்டு காலும் பூட்டியிருக்கும், விழும்போது கை தானாகவே ஊன்றும். அவங்க கிளினிக்கில் நாளுக்குச் செலவு போக ரூ.8,000 நிற்குதுன்னு வெச்சோம். ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், 36 நாள். ரூ.2,88,000. வாடகையும் அசிஸ்டென்ட் சம்பளமும் அப்போதும் போய்க்கிட்டே இருக்கும். அவங்க ட்ரிப் பட்ஜெட்டே ரூ.2 லட்சம்தான். அதாவது ட்ரிப்பைவிட மணிக்கட்டு காஸ்ட்லி.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு இடம் தேர்வு தானாகவே மாறிடுச்சு. சமப்படுத்தின பனி, பெல்ட் லிஃப்ட், கூட்டம் இல்லாத சரிவு, நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் இல்லை. களைச்ச பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு போறதில்தான் நிறைய அடி. மணிக்கட்டுக் காப்பு கட்டாயம். 2001-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில் 5,029 ஸ்னோபோர்டர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். காப்பு அணிந்த பாதியில் 8 பேருக்கு மணிக்கட்டுக் காயம், அணியாத பாதியில் 29 பேருக்கு. ஒரு ஜோடி காப்பு சில ஆயிரம் ரூபாய்க்குள். இதைவிட நல்ல ரிட்டர்ன் தரும் முதலீட்டை நான் இன்னும் பார்க்கலை. ஹெல்மெட், உள்ளே போடும் பஞ்சு வைத்த ஷார்ட்ஸ், இதெல்லாம் சேர்த்து வாங்கிடுங்க. போர்டும் பூட்ஸும் வாடகைதான், முதல் வருஷம் வாங்கவே கூடாது.

டாக்டர் முதலில் துபாயில் தங்கை வீட்டுக்குப் போனபோது இரண்டு லெசன் எடுத்தாங்க. பிடிச்சுப் போச்சு. இப்போ பிப்ரவரிக்கு அல்மாட்டி, ஆறு நாள். "சார், இதைக் கிளினிக் செலவில் காட்ட முடியாதா?"ன்னு கேட்டாங்க. முடியாது டாக்டர். சொந்தச் செலவு சொந்தச் செலவுதான். அதுவும் நீங்க உத்தேச வருமான முறையில பாதி வருமானம்னு காட்டுறீங்க, அதுல தனியா எந்தச் செலவும் கழிக்க இடமே இல்லை.

இன்சூரன்ஸுக்கு வருவோம், இங்கேதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. இந்திய ஹெல்த் பாலிசிகளில் ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குகள் உண்டு. அதில் எக்ஸ்க்ளூஷன் 09, சாகச விளையாட்டு பற்றியது. பலர் அந்தத் தலைப்பைப் பார்த்தே க்ளெய்ம் வராதுன்னு முடிவு பண்ணிடுறாங்க. வாசகத்தை முழுசாப் படிங்க: தொழில்முறை வீரராகக் கலந்துகொண்டு அடிபட்டால்தான் அந்த விலக்கு. லீவுக்குப் போய்க் கத்துக்கிட்ட உங்களுக்கு அது பொருந்தாது. ஆனா அது இந்தியாவுக்குள், அதுவும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. குல்மார்க்குக்கு சாதகமா நான் வைக்கிற பாயிண்ட்டில் இதுவும் ஒண்ணு.

டிராவல் இன்சூரன்ஸ் தனிக் கதை. பல பாலிசிகளில் குளிர்கால விளையாட்டு அடிப்படைத் திட்டத்தில் இருக்காது, கூடுதல் பிரீமியம் கட்டி ரைடர் எடுக்கணும். அதிலும் குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே போனால், குடிச்சிருந்தால் பணம் வராதுன்னு இருக்கும். மலையில் இருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவு உண்டா என்று தனியாகக் கேளுங்க. "ஸ்னோபோர்டிங் கவர் ஆகும்"னு ஏஜென்ட் போனில் சொன்னது செல்லாது, ஈமெயிலில் வாங்குங்க. பிரிட்டனில் இருக்கிறவங்க ஜிஎச்ஐசி கார்டை நம்பி இருக்காதீங்க, மலை மீட்புச் செலவு அதில் வராது.

பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசிதான் டாக்டர் மாதிரி சுயதொழில் பண்றவங்களுக்கு முக்கியம். வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு வாரா வாரம் தொகை தரும் பிரிவு இருக்கான்னு பாருங்க. பல பாலிசிகளில் சாகச விளையாட்டு அப்படியே விலக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் அந்த ஆறு வாரத்தை உங்க எமர்ஜென்ஸி ஃபண்ட்தான் தாங்கணும். ஃபண்ட் இல்லைன்னா ட்ரிப்பை அடுத்த சீசனுக்குத் தள்ளிப் போடுங்க. டிராவல் லோன் எடுத்து இதைப் பண்ற யோசனையே வேண்டாம். மாசம் ரூ.10,000 ஆர்டி போட்டா ஏப்ரலில் இருந்து டிசம்பருக்குள் ரூ.90,000 கையில் இருக்கும்.

பணம் கட்டும்போது

2025-26 நிதியாண்டில் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் ரூ.10 லட்சம் வரை 5 சதவீதம், அதுக்கு மேல் 20 சதவீதம் டிசிஎஸ் பிடிச்சாங்க. அந்த விகிதத்தில் ரூ.2 லட்சம் பேக்கேஜுக்கு ரூ.10,000. பேக்கேஜ்னா என்ன என்பதற்கு வருமான வரித் துறையின் 2023 ஜூன் சுற்றறிக்கையில் விளக்கம் இருக்கு: ஃபிளைட் டிக்கெட், ஹோட்டல், மற்ற செலவுகள், இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து இருந்தால்தான் பேக்கேஜ். ஃபிளைட்டை மட்டும் ஏர்லைன் சைட்டில், ஹோட்டலைத் தனியாக, பயிற்சியை ஸ்கூலிலேயே நேரடியாக புக் பண்ணினால் பேக்கேஜுக்கான டிசிஎஸ் வராது. ஸ்னோபோர்டு விஷயத்தில் இப்படிப் பிரிச்சு புக் பண்றது வேற விதத்திலும் நல்லது, பயிற்சி எத்தனை மணி நேரம்னு நேரடியாப் பேசி முடிக்கலாம்.

டிசிஎஸ் பிடிச்சுட்டாங்கன்னா பயப்பட வேண்டாம், அது உங்க பணம். ரிட்டர்னில் கழிச்சுக்கலாம். ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். சம்பளக்காரர்கள் அதற்கான ஃபார்மைக் கொடுத்தால் கம்பெனி பிடிக்கும் டிடிஎஸ்ஸில் குறைச்சுக்குவாங்க. சுயதொழில் பண்றவங்க மார்ச் 15 அட்வான்ஸ் டாக்ஸில் கழிச்சுட்டு மீதியைக் கட்டலாம். டிசம்பரில் பிடிச்ச பணம் மார்ச்சில் திரும்பின மாதிரிதான்.

கார்டு விஷயம் ஒண்ணு. சாதாரண கிரெடிட் கார்டில் ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5 சதவீதம் என்றால், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 4.13 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ரூ.4,130. கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயிற்சி இதிலேயே போகுது. மார்க்அப் இல்லாத கார்டு ஒண்ணு வெச்சுக்கோங்க. வாடகைக் கடை மெஷினில் "ரூபாயில் கட்டுறீங்களா"ன்னு கேட்டால் வேண்டாம்னு சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்க. ரூபாய்னு அமுக்கினால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு ரேட் போடும்.

இந்த மணி நேரக் கணக்குக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டு வீடியோவுக்குக் கீழே வெச்சிருக்கேன். மஞ்சள் கட்டங்களை மட்டும் நிரப்புங்க. "வீணாகும் நாள்"னு ஒரு கட்டம் இருக்கும், அதில் பூஜ்யம் போடாதீங்க.